சார்ல்ஸ்டனின் படித்த தச்சர்கள்

1989 செப்டம்பர் 21 நள்ளிரவை ஒட்டி, அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்திலுள்ள சார்ல்ஸ்டன் நகரை ஹியூகோ புயல் தாக்கியது. நான்காம் வகைப் புயல். கூரைகள் பிய்ந்தன, மழைநீர் இறங்கிப் பழைய வீடுகளின் பூச்சு பெயர்ந்து விழுந்தது. சார்ல்ஸ்டன் தன் பழைய வீடுகளை வைத்தே பேரும் பிழைப்பும் தேடிக்கொண்ட ஊர். பழைய குடியிருப்புப் பகுதியைக் காக்கவென்று அமெரிக்காவில் முதன்முதலாக விதி வகுத்ததும் அந்த நகராட்சிதான், 1931-இல். அப்படிப்பட்ட ஊரிலேயே, புயலுக்குப் பிறகு எல்லாவற்றையும் பழையபடி கட்டித்தர ஆள் போதவில்லை. சுண்ணாம்பு குழைக்கவும், உத்திரத்தில் துளை எடுக்கவும், இரும்பை அடித்து வளைக்கவும் தெரிந்தவர்களை வெளியூர்களில் தேட வேண்டியிருந்தது.

‘அமெரிக்கன் காலேஜ் ஆஃப் த பில்டிங் ஆர்ட்ஸ்’ பிறந்தது அந்தப் பற்றாக்குறையில்தான். 1999-இல் சிறு பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கியது. 2004-இல் பட்டம் வழங்க மாநில உரிமம் கிடைத்தது. 2005-இல் முதல் அணி சேர்ந்து 2009-இல் பட்டம் வாங்கியது. மரச்சட்டகக் கட்டுமானம், கட்டடத் தச்சு, கல் செதுக்கல், கொத்து வேலை, சுவர்ப்பூச்சு, இரும்புக் கொல்வேலை போன்றவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு நான்காண்டு படிக்கலாம். கூடவே வரலாறு, இலக்கியம், கணிதம், பொருளறிவியல், தொழில் நடத்தும் முறை எல்லாம் உண்டு. கைவரைவு எல்லா மாணவருக்கும் பொது. கோடை விடுமுறைகளில் வெளியே ஒரு பட்டறையிலோ கட்டுமான இடத்திலோ வேலை பார்க்க வேண்டும். கைத்தொழிலையும் கலைக்கல்வியையும் ஒரே பட்டத்தில் தரும் இடம் நாட்டிலேயே இது ஒன்றுதான் என்பது கல்லூரி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது.

இந்தக் கல்லூரியைப் பற்றிய புகழுரைகளில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. இங்கே கிடைக்கும் கல்வி நல்ல கல்விதானா என்பது ஒன்று. 1989-இல் கண்ட பற்றாக்குறைக்கு இது மருந்தா என்பது மற்றொன்று. முதலாவதற்கு ‘ஆம்’ என்று வந்தவுடனே இரண்டாவதற்கும் அதே விடையை எழுதிவிடுகிறார்கள். இரண்டையும் பிரித்து எடைபோட்டால் கணக்கு வேறாக வருகிறது.

கல்லூரிக்குச் சாதகமானதிலிருந்து தொடங்குவோம். அதற்கு மரச்சட்டக வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். தடித்த தூண், உத்திரம், கைமரம், இவற்றைத் தாங்கும் சாய்மரம் எல்லாவற்றையும் இரும்பு ஆணியே இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்றாகப் பூட்டி நிறுத்தும் கட்டுமானம் இது. ஒரு மரத்தின் முனையில் நாக்குப்போலக் கழுந்து எடுப்பார்கள். மற்றதில் அதை வாங்கிக்கொள்ளத் துளை போடுவார்கள். குறுக்கே ஒரு மரமுளையை அடிப்பார்கள். முளைக்கான ஓட்டையை இரண்டு மரத்திலும் ஒரே நேர்கோட்டில் போடுவதில்லை. கழுந்திலுள்ள ஓட்டையை இரண்டு, மூன்று மில்லிமீட்டர் உள்தள்ளிப் போடுவார்கள். முளை இறங்கும்போது லேசாக வளைந்து, கழுந்தை உள்ளே இழுத்து இறுக்கிவிடும். தள்ளல் கூடினால் முளை முறியும் அல்லது கழுந்து பிளக்கும். குறைந்தால் மூட்டு வாய் திறக்கும்.

இதில் மரம் வேறு சும்மா இருப்பதில்லை. இந்தச் சட்டகங்களைப் பெரும்பாலும் பச்சை மரத்திலேயே வெட்டுகிறார்கள். தடித்த ஓக் உத்திரம் முழுக்க உலரப் பல ஆண்டு பிடிக்கும், அதுவரை யார் காத்திருப்பது? காயும்போது மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை. குறுக்கே சுருங்கும், அதிலும் ஆண்டுவளையங்களின் போக்கில் சுருங்குவது, வைரத்திலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆக, இன்று கச்சிதமாகப் பொருந்துகிற மூட்டு ஐந்தாண்டு கழித்து எந்தப் பக்கம் திறக்கும் என்பதை உளி படுவதற்கு முன்பே கணித்துவிட வேண்டும். வைரம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், எந்த முகத்தை அளவுமுகமாகக் கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கணிப்பில் அடங்கும்.

குறியிடுவதிலேயே இரண்டு முறைகள் உண்டு. பழைய ஐரோப்பிய முறையில், கோணல்மாணலான மரங்களைத் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தி, தூக்குநூல் விட்டு, ஒவ்வொரு வளைவையும் நேரடியாக எதிர்மரத்தில் பதிப்பார்கள். அந்தக் கழுந்து அந்தத் துளைக்கு மட்டுமே பொருந்தும். மாறிவிடாமலிருக்க இரண்டிலும் ரோம எண்ணைப்போல் ஒரே அடையாளம் வெட்டுவார்கள். பழைய களஞ்சியங்களில் அந்தக் கீறல்களை இன்றும் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பரவியது வேறு முறை. கரடுமுரடான எட்டு அங்குல மரத்துக்குள் சீரான ஏழரை அங்குல மரம் ஒன்று ஒளிந்திருப்பதாகப் பாவித்து, மூட்டு வரும் இடத்தில் மட்டும் அந்தக் கற்பனை மரம்வரை செதுக்கி இறக்கிவிடுவது. இப்போது எந்தச் சாய்மரமும் எந்தத் தூணுக்கும் பொருந்தும். சட்டகம் முழுவதையும் தரையில் பரப்பிப் பார்க்கத் தேவையில்லை. இல்லாத ஒரு மரத்தை மனத்தில் நிறுத்தி அதன் மேற்பரப்பிலிருந்து அளக்கிற இந்த வித்தை முழுக்க முழுக்க வடிவியல். பத்து வருடம் தச்சுப் பட்டறையில் இருந்தும் இது பிடிபடாதவர்கள் இருக்கலாம்; வரைபலகை முன் ஓர் ஆண்டு ஒழுங்காக உட்கார்ந்தவருக்குச் சில வாரங்களில் பிடிபடும்.

ஆகவே மரச்சட்டகத்துக்குக் கல்லூரி பொருந்திப் போகிறது என்பது என் முதல் முடிவு. இந்தத் தொழிலில் குறியிடுவதே பெரும்பங்கு. தவறான முகத்தில் ஒரு துளை போட்டால் இருபதடி உத்திரம் வீண். எனவே நிதானமும், வரைந்து பார்க்கிற பழக்கமும், செய்யும்முன் யோசிக்கிற நேரமும் இங்கே வேகத்தைவிட விலை உயர்ந்தவை. இவை மூன்றும் வகுப்பறை தரக்கூடியவை. பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்கும் வேலையில் இன்னொன்றும் சேர்கிறது. எஞ்சினீயர் எஃகுத் தகடு போடச் சொல்வார், கட்டடக் கலைஞர் தெரியாமல் மறைக்கச் சொல்வார், வீட்டுக்காரர் சீக்கிரம் முடிக்கச் சொல்வார். அழுகிய உத்திர முனையை மட்டும் வெட்டியெடுத்துப் புது மரத்தை ஒட்டுமூட்டாக இணைக்கலாம், அது போதும் என்று மூவரிடமும் தாளில் வரைந்து, எடைக்கணக்குச் சொல்லி வாதாடத் தெரிந்த தச்சர் வேண்டும். சார்ல்ஸ்டன் கல்லூரியின் பாடத்திட்டம் அப்படிப்பட்டவரை மனத்தில் வைத்தே அமைந்திருக்கிறது. கைவேலை செய்பவரைச் சிந்திப்பவரிடமிருந்து பிரித்துவைத்ததே நவீனக் கட்டடங்களின் நோய் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் ரஸ்கின் வாதிட்டார். அந்த வாதத்தைப் பாடவேளை அட்டவணையாக மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். அந்தத் துணிச்சலுக்குத் தனி மதிப்பெண் தரலாம்.

இனி மறுபக்கத் தட்டு. ஒரு சின்னக் கணக்கு. அமெரிக்காவில் பதிவுபெற்ற தொழிற்பழகுநர் முறையில் தச்சராகத் தேற வழக்கமாக நான்காண்டு, சுமார் 8,000 மணி நேரம் களத்தில் வேலை செய்ய வேண்டும். வகுப்புக்குப் பரிந்துரை ஆண்டுக்கு 144 மணி. இந்தக் காலம் முழுவதும் கூலி உண்டு. தேர்ந்த தொழிலாளியின் கூலியில் பாதியளவில் தொடங்கிப் படிப்படியாக ஏறும். எந்தக் கல்லூரியாக இருந்தாலும், வாரத்துக்கு 20 மணி நேரம் பட்டறை, ஆண்டுக்கு 30 வாரம் என்று தாராளமாக வைத்தால்கூட நான்காண்டில் 2,400 மணிதான் தேறும். மூன்று கோடைகளில் எட்டெட்டு வாரம் முழுநேர வேலை என்று கொண்டால் இன்னும் 960. ஆக 3,360. பழகுநரின் கைப்பழக்கத்தில் பாதிகூட இல்லை. அதுவும் பழகுநர் சம்பளம் வாங்கிக்கொண்டு கற்கிறார்; மாணவர் கட்டணம் கட்டிக் கற்கிறார்.

இந்த இடைவெளி எல்லாத் தொழிலிலும் ஒரே மாதிரி வலிப்பதில்லை. மரச்சட்டகத்தில் அறிவு அதை ஓரளவு ஈடுகட்டிவிடும் என்று மேலே சொன்னேன். சுவர்ப்பூச்சில் ஈடுகட்டாது. சுவரும் மேற்கூரையும் சேருமிடத்தில் ஓடும் அலங்காரக் கரையை எப்படி எடுக்கிறார்கள் என்று பாருங்கள். வேண்டிய வடிவத்தைத் தகட்டில் வெட்டி, அதை ஒரு மரக்கட்டையில் பொருத்தி, சுவரில் அடித்த சட்டத்தின்மீது அதை இழுத்துக்கொண்டே போவார்கள். முன்னால் சுண்ணாம்புக் களிம்பில் ஜிப்சம் கலந்த கலவையை அப்பிக்கொண்டே போக வேண்டும். ஜிப்சம் நிமிடக்கணக்கில் இறுகுகிற பொருள். தகடு போகப்போக, கலவை கூழாயிருந்து, தயிராகி, வெண்ணெயாகி, திடீரெனச் சுண்ணாம்புக்கட்டி ஆகிவிடும். எந்த நொடியில் அழுத்தம் கூட்ட வேண்டும், எப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும், எப்போது கையை எடுத்துவிட வேண்டும் என்பதை எந்தக் கரும்பலகையும் சொல்லாது. அன்றைய ஈரப்பதம், வெயில், வாளியின் சுத்தம் எல்லாமே அந்த நொடியை மாற்றும். ஆயிரம் அடி இழுத்த கைக்கும் ஐம்பது அடி இழுத்த கைக்கும் உள்ள வித்தியாசம் பார்த்தவுடன் தெரியும். செங்கல் கட்டுவதிலும் இப்படித்தான். ஒரு கல்லை அழகாக வைக்கப் பத்து நாளில் கற்கலாம். சாரத்தின்மேல், காற்றில், சாயங்காலம்வரை ஒரே தரத்தில் வைத்துக்கொண்டே போகச் சில ஆண்டு வேண்டும். கூலி கொடுப்பவருக்கு வேண்டியது அதுதான்.

பிரான்சில் இந்தச் சிக்கலை வேறு விதமாக அவிழ்த்திருக்கிறார்கள். ‘கொம்பாஞ்ஞோன்’ என்ற தொழிலாளர் சங்க மரபில் இளைஞர் ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கிறார். ஓர் ஊரில் ஏறக்குறைய ஓர் ஆண்டு. பகலில் ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை, மாலையிலும் சனிக்கிழமையிலும் வகுப்பு. தங்குவது சங்கத்து வீட்டில். அங்கே தச்சர்கள் பயிலும் வரைகணித முறையை 2009-இலும், சங்க மரபை 2010-இலும் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வரைபலகையைப் பிரெஞ்சுக்காரர்களும் விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். சார்ல்ஸ்டனில் கற்பதைவிடக் கடினமான வடிவியலைத்தான் கற்கிறார்கள். வேலையைப் பகலிலும் படிப்பை இரவிலும் வைத்தார்கள், அவ்வளவுதான். இப்படிச் சொல்வதால் அந்தச் சங்கங்களைத் தலையில் தூக்கிவைக்க வேண்டியதில்லை. ரகசியச் சடங்குகளும் படிநிலைகளும் நிறைந்த உலகம் அது. அவற்றுள் பெரியதொரு சங்கம் இரண்டாம் உலகப்போர்க்கால விஷி ஆட்சியின் ஆசியோடு 1941-இல் உருவானது. பெண்களுக்கு முழு உறுப்பினர் தகுதி கிடைத்தது இந்த நூற்றாண்டு பிறந்த பிறகுதான். ஆண், பெண் பாராமல் சேர்க்கிற கல்லூரி அந்த வகையில் மேல்.

ஆனாலும் 2019 ஏப்ரல் 15 அன்று பாரிசின் நோத்ருதாம் பேராலயக் கூரை எரிந்தபோது யார் கைகொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். உருண்டை மரத்தைக் கோடரியால் செதுக்கி உத்திரமாக்கும் பழக்கம் பிரான்சிலும் பெரும்பாலும் அற்றுப்போயிருந்தது. அதை உயிரோடு வைத்திருந்தவர்களில் முக்கியமானோர் பர்கண்டியிலுள்ள கெதலோன் களத்தில் வேலை செய்தவர்கள். 1997 முதல், பதின்மூன்றாம் நூற்றாண்டு முறைகளை மட்டுமே கொண்டு அங்கே ஒரு கோட்டையைக் கட்டிவருகிறார்கள். பட்டமும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை. நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்க வருகிறவர்களின் காசில் நடக்கிற கட்டுமானம். அங்கே கை பழகிய தச்சர்கள் நோத்ருதாம் பணிக்குப் போனார்கள்; பேராலயம் 2024 டிசம்பரில் திறந்தது. உண்மையான கட்டடம், உண்மையான எடை, வருடக்கணக்கில் ஒரே வேலை. சார்ல்ஸ்டன் கல்லூரியும் இதன் அருமை அறியாததல்ல. 1802-இல் கட்டி 1939 வரை இயங்கிய பழைய நகரச் சிறைச்சாலையில்தான் அது தன் முதல் பதினைந்து ஆண்டுகளைக் கழித்தது. அந்தக் கட்டடத்தின் பழுதுகளே மாணவர்களுக்குப் பாடமாயின. பிறகு பழைய டிராம் கொட்டகை ஒன்றுக்கு இடம்பெயர்ந்தது.

சிறைச்சாலை என்றதும் அந்த ஊரின் கதையை விட்டுவிட்டுப் போக முடியாது. கல்லூரியின் மீதான என் பெரிய குறையும் அங்கேதான் இருக்கிறது. சார்ல்ஸ்டனின் அழகிய வீடுகளைக் கட்டிய கைகளில் பெரும்பாலானவை அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கைகள். பழைய செங்கற்களில் அவர்களின் விரல் பதிவுகள் இன்றும் தெரிகின்றன. சில பதிவுகள் குழந்தைகளுடையவை. எஜமானர்கள் தங்கள் அடிமைக் கைவினைஞர்களை வெளியே கூலிக்கு விடுவார்கள். அப்படிப் போகிறவர் நகராட்சியிடம் ஆண்டுதோறும் வாங்கிய செம்பு வில்லையை உடம்பில் அணிந்திருக்க வேண்டும். ஊர்ப்பெயர், ஆண்டு, எண், தொழில் ஆகியவை அதில் பொறித்திருக்கும். அருங்காட்சியகங்களில் அந்த வில்லைகளைப் பார்க்கலாம். தச்சர், கொத்தனார் போன்றோர் பெரும்பாலும் ‘மெக்கானிக்’ என்ற வகைக்குள் வருவார்கள். லாட்டரியில் விழுந்த பணத்தில் தன் விடுதலையை விலைகொடுத்து வாங்கி, பிறகு அடிமைகளின் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாக 1822-இல் தூக்கிலேற்றப்பட்ட டென்மார்க் வெசி ஒரு தச்சர்.

அடிமைமுறை ஒழிந்த பிறகும் இந்தக் கைகள் இருந்தன. வெள்ளையரின் தொழிற்சங்கங்கள் அவர்களை ஒதுக்கின. நிறவெறிச் சட்டங்கள் நெரித்தன. 1910-க்கும் 1970-க்கும் இடையில் சுமார் அறுபது லட்சம் கறுப்பினத்தவர் தென்மாநிலங்களைவிட்டு வடக்கேயும் மேற்கேயும் போனார்கள். அவர்களோடு தொழிலும் போனது. இன்னொரு பக்கம் தொழிற்சாலைப் பலகைகள் வந்து பூச்சுக்காரர்களின் வேலையைத் தின்றன. 1830-களிலேயே சிகாகோவில் மெல்லிய அறுத்த சட்டங்களையும் மலிவான ஆணிகளையும் கொண்டு வீடு கட்டும் முறை கிளம்பி, மரச்சட்டகத் தச்சர்களை ஓரங்கட்டத் தொடங்கியிருந்தது. ஆக 1989-இல் ஆள் கிடைக்காமற்போனது புயல் கொண்டுவந்த விபத்தல்ல. நூறாண்டு விரட்டலின் பலன் அது.

விரட்டலுக்குத் தப்பியவர்களும் உண்டு. கொல்லர் ஃபிலிப் சிம்மன்ஸ் 1912-இல் பிறந்தார். சிறுவனாகவே பீட்டர் சிம்மன்ஸ் என்ற முதியவரின் உலைக்களத்துக்குப் போய் நின்றார். இருவருக்கும் உறவில்லை, பெயர் மட்டுமே ஒன்று. அந்த முதியவர் பிறப்பால் அடிமையாக இருந்தவர். மோட்டார் வண்டி வந்து குதிரை லாடமும் வண்டிப்பட்டையும் செல்லாக்காசானபோது, ஃபிலிப் சிம்மன்ஸ் அலங்கார இரும்புக் கதவுகளுக்கு மாறினார். சார்ல்ஸ்டன் முழுக்க அவர் கதவுகளும் கைப்பிடிக் கிராதிகளும் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. 1982-இல் நாட்டின் மரபுக்கலைஞர் விருது கிடைத்தது. 2009-இல் மறைந்தார், கல்லூரியின் முதல் பட்டதாரிகள் வெளியே வந்த அதே ஆண்டில். அவரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு யாரும் அவருக்குத் தொழில் சொல்லித்தரவில்லை. கட்டணம் கேட்டிருந்தால் அவர் கற்றிருக்கவே முடியாது.

படித்த கைவினைஞரை உருவாக்கும் முயற்சி தென்மாநிலங்களுக்குப் புதிதும் அல்ல. 1881-இல் அலபாமாவில் புக்கர் டி. வாஷிங்டன் தலைமையில் தொடங்கிய டஸ்கீகி நிறுவனத்தில் மாணவர்களே செங்கல் அறுத்துத் தங்கள் வகுப்பறைகளைக் கட்டினார்கள். முதல் மூன்று சூளைகளும் கெட்டுப்போக, நான்காவதற்குப் பணமில்லாமல் வாஷிங்டன் தன் கடிகாரத்தைப் பதினைந்து டாலருக்கு அடகுவைத்ததாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். எம்.ஐ.டி.யில் 1892-இல் கட்டடக்கலை முடித்த ராபர்ட் ஆர். டெய்லர் அங்கே வந்து வரைபடம் போட்டார், மாணவர்கள் கட்டினார்கள். ஏழை மாணவர் பகலில் உழைத்து இரவில் படிப்பார். உழைப்புக் கூலி படிப்புச் செலவில் கழியும். இதைக் கடுமையாக எதிர்த்தவர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ். தொழிலைப் பிடித்துக்கொண்டு அரசியல் அதிகாரத்தையும் குடியுரிமையையும் உயர்கல்வியையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறார் வாஷிங்டன் என்பது 1903-இல் அவர் வைத்த குற்றச்சாட்டு. சார்ல்ஸ்டன் கல்லூரியின் பாடத்திட்டத்தைப் பார்த்தால் இருவரும் சமாதானமாகிவிட்டதுபோலத் தோன்றும்: உளியும் உண்டு, இலக்கியமும் உண்டு. உண்மையில் டுபாய்ஸ் கேட்டவற்றில் உயர்கல்வி கிடைத்திருக்கிறது. வாஷிங்டன் செய்ததில் மிக முக்கியமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கைக்காசில்லாதவரும் உழைத்தே படித்துவிடலாம் என்ற ஏற்பாடுதான் அது.

நம்மிடமும் இதே கேள்விக்கு ஒரு பழைய விடை இருக்கிறது. 1957-இல் அரசு மாமல்லபுரத்தில் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் கல்லூரியாக வளர்ந்து, மரபுக் கட்டடக்கலைக்கும் சிற்பத்துக்கும் பட்டம் தருகிறது. கன்னியாகுமரியின் 133 அடித் திருவள்ளுவரை வடித்த வை. கணபதி ஸ்தபதி நீண்டகாலம் அதன் முதல்வராக இருந்தார். குடும்பப் பட்டறையில் தகப்பனிடம் கற்பதை வகுப்பறை தருமா என்ற சந்தேகம் அங்கும் எழுந்ததுதான். ஆனால் மாமல்லபுரத்துக்கு இரண்டு பலங்கள் இருக்கின்றன: அரசுக் கல்லூரி என்பதால் பெரிய கட்டணம் இல்லை, கோயில் வேலை உள்ளூரிலும், தமிழர் குடியேறிய நாடுகளிலும் ஓயாமல் இருக்கிறது. சார்ல்ஸ்டன் மாணவர் வெளியே வந்ததும் யாருக்காகக் கட்டப்போகிறார்? பெரும்பாலும் பழைய மாளிகையைச் செப்பனிடுகிற செல்வந்தருக்கும், அறக்கட்டளைக்கும், எப்போதாவது ஒரு தேவாலயத்துக்கும். சாதாரணக் குடும்பத்தின் வீட்டுக்கூரை ஒழுகினால் இந்தப் பட்டதாரியை அழைக்க அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. பெரும் கட்டணத்தில் கற்றவர் குறைந்த கூலிக்கு வேலை செய்யவும் முடியாது. ஆக அந்தக் கட்டணம் கற்க வருகிறவரைத் தேர்ந்தெடுக்கிறது. பிறகு அவர் யாருக்குக் கட்டித்தருவார் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

கல்லூரி தரப்பில் ஒரு மறுமொழி வரலாம், அது வலுவானதும்கூட. பூச்சுவேலை கற்றுத்தர அமெரிக்காவில் மேஸ்திரிகள் எங்கே மிச்சமிருக்கிறார்கள்? இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஜிப்சம் பலகை வந்து அந்தத் தொழிலையே துடைத்துவிட்டது. பழகுநராகப் போகலாம் என்றால் போய் நிற்க ஒரு வாசல் வேண்டும். கல் செதுக்கலும் அப்படித்தான். வாசலே இல்லாத ஊரில் ஒரு வாசலைத் திறந்துவைத்தவர்களிடம் அது போதாது என்று முகம் சுளிப்பது நியாயமில்லை. இதை நான் ஏற்கிறேன். 8,000 மணியோடு ஒப்பிட்டு 3,360 குறைவு என்று சொன்னேன். சில தொழில்களில் ஒப்பிட வேண்டியது பூஜ்யத்தோடு. ஆனால் இந்த மறுமொழி கொத்து வேலைக்குப் பொருந்தாது, தச்சுக்கும் அவ்வளவாகப் பொருந்தாது. அவற்றில் சம்பளத்தோடு கற்க வழி இருக்கிறது. மரச்சட்டகத்திலும் 1970-களிலிருந்து நியூ இங்கிலாந்துப் பகுதியில் தனியார் பட்டறைகளும் குறுகியகாலப் பள்ளிகளும் தோன்றி, 1980-களின் நடுவில் தொழில்காரர்கள் தங்களுக்கென்று ஒரு கழகமும் அமைத்துக்கொண்டார்கள். அந்த மறுமலர்ச்சியைத் தொடங்கியவர்கள் பழைய களஞ்சியங்களைப் பிரித்துப் பார்த்தே கற்றவர்கள்.

என் தீர்ப்பை இரண்டாகவே தர முடியும். கல்வி என்ற அளவில் இது நல்ல கல்லூரி. கட்டுமானத் துறையில் இன்று அரிதாகிவிட்ட ஒருவகை மனிதரை, வரையவும் செய்யவும் செய்ததை விளக்கவும் தெரிந்தவரை, உருவாக்கும் திட்டம் இதனிடம் இருக்கிறது. பற்றாக்குறைக்கு மருந்து என்ற அளவில் இது தவறிவிட்டது. சின்னக் கல்லூரி என்பதால் அல்ல, கற்பவரிடம் காசு வாங்குகிற ஏற்பாட்டால். இன்னொரு ஹியூகோ வந்தால் வேலையை மேற்பார்வையிடச் சிறந்த சிலர் சார்ல்ஸ்டனில் இருப்பார்கள். அவர்கள் சொன்னதைச் செய்யச் சாரமேறும் கைகளுக்கு மறுபடியும் வெளியூரைத்தான் பார்க்க வேண்டும். நகரத்தின் பழுதுவேலை ஒப்பந்தங்களைக் கல்லூரியே எடுத்து, மாணவருக்குக் கூலி கொடுத்து, அதைக் கட்டணத்தில் கழித்திருந்தால் இந்தத் தீர்ப்பு மாறியிருக்கும். டஸ்கீகியில் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

பதினெட்டு வயதில் ஒருவர் வந்து, இந்தக் கல்லூரிக்குப் போகலாமா என்று கேட்டால் பதில் தொழிலுக்குத் தொழில் மாறும். மரச்சட்டகம் என்றால், உதவித்தொகை கிடைக்கும் பட்சத்தில், தாராளமாகப் போகலாம். முடித்ததும் வேறெங்கேனும் மூன்றாண்டு கூலிக்கு உத்திரம் வெட்ட வேண்டும் என்பதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். பூச்சோ கல்லோ என்றால் வேறு வழி அதிகமில்லை, போகத்தான் வேண்டும், வேகம் வரவில்லை என்று நான்காம் ஆண்டில் மனம் தளரக் கூடாது. செங்கல் என்றால் கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பதிவுபெற்ற பழகுநர் திட்டம் ஒன்றில் பெயர் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நல்ல ஆசிரியரிடம் வரையக் கற்றுக்கொள்ளலாம்.